‘தெரியும்’ என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பள்ளியில் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய எவருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: ‘இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள் மிதத்தல் விதியைப் புரிந்துகொள்வர்.’ மிதத்தல் விதி என்ற இடத்தில் ஒளிச்சேர்க்கை என்று எழுதினால் உயிரியல் பாடக்குறிப்பு ஆகிவிடும். ஓம் விதி என்று எழுதினால் மின்னியல். தலைமையாசிரியர் ஒப்பமிடுவார், ஏடு மேசைக்குள் போகும். மாணவர்கள் புரிந்துகொண்டார்களா என்பதை அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எவரும் சொல்லிவிட முடியாது. நானும் பல ஆண்டுகள் இப்படி எழுதியவன்தான். ஆகவே பிறரைக் குறை கூறுவதாக யாரும் எண்ணவேண்டாம்.

தமிழில் ‘தெரியும்’ என்ற சொல் சற்று விந்தையானது. ‘முருகனுக்கு நீச்சல் தெரியும்’ என்கிறோம். ‘முருகனுக்கு ஆர்க்கிமிடீஸ் தத்துவம் தெரியும்’ என்றும் சொல்கிறோம். முதல் கூற்றில் ஐயம் எழுந்தால் முருகனைக் கிணற்றுக்கு அழைத்துச் செல்லலாம். இரண்டு நிமிடங்களில் ஐயம் தீரும். இரண்டாவது கூற்றில் ஐயம் எழுந்தால் அவனை எங்கே அழைத்துச் செல்வது? தேர்வு அறைக்கு என்பது வழக்கமான விடை. அங்கே அவன் எழுதிக் காட்டுவது தத்துவத்தையா, தத்துவத்தின் வாசகத்தையா?

இந்த வினாவிலிருந்தே ஒரு முழு நூலையும் எழுப்பியவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேகர். 1962 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் ‘கற்பித்தல் குறிக்கோள்களை அமைத்தல்’ என்று பொருள்படும் பெயரால் பின்னர் உலகெங்கும் அறிமுகமாயிற்று. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் மேகரின் பெயரை மறந்திருக்கலாம். ஆனால் ‘நடத்தைசார் குறிக்கோள்’ என்ற சொற்றொடரைத் தேர்வுக்காகவேனும் படித்திருப்பார்கள். அச்சொற்றொடர் பரவியதில் இந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பாடநூல் எழுதுவோர், பாடத்திட்டம் வகுப்போர், தொழிற்பயிற்சி தருவோர் ஆகியோரின் எழுத்தில் அதன் சாயலைக் காணலாம். எனவே அந்நூல் எதைச் சரியாகச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்று இன்று பார்ப்பது வீண்வேலை ஆகாது.

முதலில் நூலைப் பற்றி. அது மிகச் சிறியது. ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம். கடற்குதிரை ஒன்று கையில் காசோடு அதிர்ஷ்டம் தேடிப் புறப்படும் கதையுடன் தொடங்குகிறது. எங்கே போகிறோம் என்றே அதற்குத் தெரியாது. வழியில் சந்திப்பவர்கள் விரைவாகப் போவதற்கான சாதனங்களை ஒவ்வொன்றாக அதன் தலையில் கட்டுகிறார்கள். கடைசியில் விரைவாகச் சென்று சேருமிடம் ஒரு சுறாவின் வாய். கதை முடிந்ததும் நூல் நம்மிடம் வினாக்கள் கேட்கத் தொடங்குகிறது. நாம் தேர்ந்தெடுக்கும் விடைக்கேற்ப வேறு வேறு பக்கங்களுக்குப் போகச் சொல்கிறது. தவறான விடையைத் தேர்ந்தால் அங்கே ஒரு செல்லக் கண்டிப்பு காத்திருக்கும். ஐம்பதுகளில் ஸ்கின்னர் முதலியோர் தோற்றுவித்த ‘நிரல்வழிக் கற்றல்’ முறை அப்போது புதுமை. அதற்கான பாடங்களை எழுதுவோருக்கு உதவவே மேகர் இதை எழுதினார். கல்வியியல் நூல்களில் சிரித்துக்கொண்டே படிக்கத்தக்கவை அரிது. இது அவற்றில் ஒன்று.

மேகர் சொல்வது இதுதான். அறிதல், புரிந்துகொள்ளல், பாராட்டுதல் போன்ற சொற்களுக்கு ஆளுக்கொரு பொருள் கொள்ளலாம். எழுதுதல், வரிசைப்படுத்துதல், தீர்வு காணல், அமைத்துக் காட்டுதல் போன்ற சொற்களுக்கு அவ்வளவு இடமில்லை. ஒரு நல்ல குறிக்கோள் மூன்றைத் தெரிவிக்கவேண்டும்: மாணவர் எதைச் செய்துகாட்டுவார், எந்த நிலைமைகளில் செய்வார், எவ்வளவு நன்றாகச் செய்தால் போதும்.

‘மின்சுற்றைப் பற்றி அறிதல்’ என்ற நம் பழைய வாக்கியத்தை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம். அதை இப்படி மாற்றலாம்: ‘ஓர் உலர் மின்கலம், ஒரு கைவிளக்குக் குமிழ், இரண்டு கம்பித் துண்டுகள் ஆகியவற்றைக் கொடுத்தால், பிறர் உதவியின்றி ஐந்து நிமிடங்களுக்குள் குமிழை எரியச் செய்வர்.’ இந்த வாக்கியத்தைப் படித்ததும் ஆசிரியருக்கு என்ன வாங்கவேண்டும், எதைக் கற்பிக்கவேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. மாணவருக்கும் தம்மிடம் எதிர்பார்க்கப்படுவது எதுவென்று தெரிந்துவிடுகிறது. ஒருமுறை நான் இதைப் பத்தாம் வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். ஓம் விதியைப் பிழையின்றி எழுதியவர்கள் பலர் இரு கம்பிகளையும் குமிழின் அடிமுனையிலேயே தொட்டுத் தொட்டுப் பார்த்துக் களைத்துப் போனார்கள். குமிழின் பக்கவாட்டு உலோக உறையும் ஒரு முனைதான் என்பதைப் படத்தில் அவர்கள் பலமுறை வரைந்திருக்கிறார்கள். கையில் வந்தபோது அது தெரியவில்லை. இது நம் பிள்ளைகளின் குறை மட்டுமன்று. ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையம் 1997 இல் வெளியிட்ட ஒரு தொலைக்காட்சித் தொடரில், புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் அன்றுதான் பட்டம் பெற்றவர்கள் அதே மின்கலத்தோடும் குமிழோடும் தடுமாறுவதைக் காணலாம்.

மேகரின் கருத்து வானத்திலிருந்து குதிக்கவில்லை. பாபிட் என்பவர் 1924 இலேயே, வளர்ந்தவர்களின் வாழ்க்கைச் செயல்களைப் பகுத்து அவற்றிலிருந்து பாடத்திட்டக் குறிக்கோள்களை நூற்றுக்கணக்கில் பட்டியலிட்டார். ரால்ஃப் டைலர் 1949 இல் வெளியிட்ட சிறு நூலில், குறிக்கோள் என்பது மாணவரிடம் நிகழவேண்டிய மாற்றத்தைச் சொல்லவேண்டுமேயன்றி ஆசிரியர் செய்யப்போவதைச் சொல்லக்கூடாது என்று வற்புறுத்தினார். பெஞ்சமின் புளூம் முதலியோரின் வகைப்பாடு 1956 இல் வந்தது. அறிவு, பொருளுணர்தல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என்ற ஆறு படிகளை ஆசிரியர் பலர் இன்றும் ஒப்புவிப்பார்கள். ஐம்பதுகளின் இறுதியில் புளூம் இந்தியாவுக்கே வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகளை நடத்தினார். நம் வினாத்தாள் திட்டங்களில் ‘அறிதலுக்கு இத்தனை மதிப்பெண், புரிதலுக்கு இத்தனை’ என்ற கட்டங்கள் இடம்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவர்களில் மேகருக்கு உள்ள சிறப்பு, அவர் வகுப்பறைத் தத்துவம் பேச வந்தவர் அல்லர் என்பது. இராணுவப் பயிற்சி ஆய்விலும் தொழில் நிறுவனத்திலும் பணியாற்றியவர் அவர். கலிபோர்னியாவில் வேரியன் என்ற மின்னணுக் கருவி நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்களிடம், பயிற்சி முடிவில் என்னென்ன செய்யத் தெரியவேண்டும் என்ற விவரத்தைக் கொடுத்தார்கள். கற்கும் வழியையும் வரிசையையும் அவர்களிடமே விட்டுவிட்டார்கள். பயிற்சிக் காலம் பாதிக்குமேல் குறைந்தது. இந்த ஆய்வை மேகரும் மக்கான் என்பவரும் 1961 இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் மேகர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடச் சுவையானது. மின்னணுவியல் அறியாத பெரியவர்களிடம் ‘உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள்’ என்றபோது, அவர்கள் வெற்றிடக் குழாயைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். அக்காலப் பயிற்சிகளோ காந்தவியலிலிருந்தோ எலெக்ட்ரான் கொள்கையிலிருந்தோ தொடங்குவது வழக்கம். கற்பவர் நுழைய விரும்பிய வாயில் வேறு, ஆசிரியர் திறந்துவைத்த வாயில் வேறு. இதைக் கண்டவரே, குறிக்கோள்களைப் பற்றி எழுதிய நூலில் கற்பவரின் வினாவுக்கு மிகக் குறைவாகவே இடம் கொடுத்தது வியப்புத்தான்.

எந்தக் குறிக்கோள் கற்பிக்கத் தகுந்தது, அதை யார் தேர்வது என்பவை தம் நூலின் பொருள் அல்ல என்று மேகர் முன்கூட்டியே கூறிவிடுகிறார். நேர்மையான கூற்று. ஆனால் பின்வந்தவர்கள் அந்த முன்குறிப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள். தெளிவாக எழுத முடிந்ததே கற்பிக்கத் தகுந்தது என்ற நிலை மெல்ல மெல்ல வந்தது. ‘ஐந்து அமிலங்களின் பெயர்களைக் கூறுவர்’ என்பது மேகரின் இலக்கணப்படி ஏறக்குறையக் குற்றமற்ற வாக்கியம். எழுதுவது எளிது, அளப்பதும் எளிது. அமிலம் என்றால் என்ன என்று ஒருவர் வியந்து கேட்பதை அப்படி எழுத வராது. எழுத வராதது பட்டியலில் ஏறாது. பட்டியலில் ஏறாதது வகுப்பிலும் நிகழாது. மூன்றாவது உறுப்பாகிய ‘எவ்வளவு நன்றாக’ என்பதும் அப்படியே. நூற்றுக்கு எண்பது சரியாக இருந்தால் போதும் என்று பல பாடக்குறிப்புகளில் எழுதியிருக்கும். அந்த எண்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை வராது. நூற்றுக்கு எண்பது முறை கரையேறுகிறவனுக்கு நீச்சல் தெரியும் என்று எந்தத் தாயாவது ஒப்புக்கொள்வாளா?

இவை பலரும் சொன்ன குறைகள். நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு. அதற்கு மிதத்தல் பாடத்துக்கே திரும்பவேண்டும்.

மேகரைப் படித்த சூட்டில் என் பாடக்குறிப்பை இவ்வாறு திருத்தினேன்: ‘ஒரு தொட்டி நீரில் ஓடம் மிதக்கிறது, ஓடத்தில் ஒரு கல் இருக்கிறது. கல்லை எடுத்து நீருக்குள் போட்டால் தொட்டியின் நீர்மட்டம் ஏறுமா, தாழுமா, மாறாதிருக்குமா என்பதை மாணவர் முன்கூட்டியே சொல்லி, காரணமும் கூறுவர்.’ செயல், நிலைமை, அளவுகோல் எல்லாம் அமைந்திருந்தன. விடையைத் தாமே கண்டுபிடிக்க விரும்பும் வாசகர்கள் இங்கே சற்று நிறுத்திக்கொள்ளலாம்.

கல்லின் எடை 5 கிலோகிராம் என்போம். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் இரண்டரை மடங்கு என்றால் பருமன் 2 லிட்டர். ஓடத்தில் இருக்கும்வரை தன் எடைக்குச் சமமான நீரை, அதாவது 5 லிட்டரை, அது விலக்கி நிற்கிறது. நீருக்குள் அமிழ்ந்தபின் தன் பருமனுக்குச் சமமான 2 லிட்டரைத்தான் விலக்குகிறது. ஆகவே மட்டம் தாழும். ஒரு பாத்திரம், ஒரு கிண்ணம், ஒரு கல் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பாத்திரம் அகலமாக இருந்தால் மாற்றம் கண்ணுக்குப் புலப்படாது. குறுகலான பாத்திரமே நல்லது.

முதல் ஆண்டு இந்த வினா வகுப்பையே கலக்கிவிட்டது. ‘ஏறும்’ என்று பாதிப்பேர், ‘மாறாது’ என்று மீதிப்பேர். ‘தாழும்’ என்ற இருவரும் வீம்புக்குச் சொன்னவர்கள் போலிருந்தது. வாதாடினார்கள், ஒருவன் கரும்பலகைக்கே வந்து படம் போட்டான். செய்து பார்த்தபோது மட்டம் தாழ்ந்தது. அதன்பின் அரைமணி நேரம் நடந்ததுதான் நான் எடுத்த பாடங்களில் சிறந்தது என்று இன்றும் எண்ணுகிறேன். மறு ஆண்டு அதே குறிக்கோள், அதே தொட்டி, அதே வினா. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ‘தாழும் சார்!’ என்றது. அண்ணன் அக்காக்களின் ஏடுகள் கைமாறியிருந்தன. காரணம் கேட்டேன். என் வாக்கியத்தையே, என் ஏற்ற இறக்கத்தோடு, எனக்கே திருப்பிச் சொன்னார்கள்.

பாடக்குறிப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மேகரின் இலக்கணப்படி குறிக்கோள் நூற்றுக்கு நூறு நிறைவேறிவிட்டது. ஆனால் முதல் ஆண்டில் புரிதலை அளந்த அதே வாக்கியம் இரண்டாம் ஆண்டில் நினைவாற்றலை அளந்தது. ஒரு செயல் புரிதலின் அடையாளமா, மனப்பாடத்தின் அடையாளமா என்பது அந்தச் செயலைப் பெயரிடும் வினைச்சொல்லில் இல்லை. மாணவர் அதை முன்பே பார்த்திருக்கிறாரா என்பதில் இருக்கிறது. மேகரின் மூன்று உறுப்புகளில் இதற்கு இடமில்லை. ‘விளக்குவர்’, ‘ஒப்பிடுவர்’, ‘தீர்வு காண்பர்’ என்று எவ்வளவு மிடுக்கான வினைச்சொல்லை எழுதினாலும், விளக்கம் வழிகாட்டி நூலில் அச்சாகியிருந்தால் அது ஒப்புவித்தலே. புளூமின் குழுவினர் 1956 இலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்: மாணவரின் முந்தைய கற்றல் அனுபவம் தெரியாமல் ஒரு வினா எந்தப் படியைச் சேர்ந்தது என்று முடிவுசெய்ய இயலாது, பயன்படுத்தும் திறனைச் சோதிக்கவேண்டுமானால் சூழ்நிலை புதிதாக இருக்கவேண்டும். நாம் அவர்களின் ஆறு படிகளை எடுத்துக்கொண்டோம். இந்தக் குறிப்பை விட்டுவிட்டோம். ‘வினைச்சொல் பட்டியல்’ என்று பயிற்சி நிலையங்களில் தரும் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

எழுபதுகளில் இந்த முறையைச் சோதித்த ஆய்வுகளும் எச்சரிக்கையாகவே பேசின. 1972 இல் ராத்கோப், கப்லான் ஆகியோர் நடத்திய ஆய்வில், குறிக்கோளாகக் குறிப்பிட்டுச் சொல்லப்பட்ட செய்திகளை மாணவர்கள் பிற செய்திகளைவிட நன்றாகக் கற்றனர். குறிக்கோள்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றையும் கற்கும் வாய்ப்புக் குறைந்தது. மறு ஆண்டில் துஷாஸ்டெல், மெரில் ஆகியோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது முடிவுகள் கலவையாக இருந்தன. சிலவற்றில் பயன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. தீங்கு செய்யாத மருந்து என்று சொல்லலாம். சர்வரோக நிவாரணி என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் இதற்காகக் கொடி பிடித்தவர்களுள் முன்னணியில் நின்ற பாப்பம் என்பவரும், மிக நுண்ணிய குறிக்கோள்கள் மலைபோல் குவிந்து ஆசிரியர்களை அலுக்கச் செய்துவிட்டன என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். எதிர்முகாமில் நின்ற கலைக்கல்வியாளர் எலியட் ஐஸ்னர், எல்லாக் கற்றலின் விளைவையும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது என்றார். குழந்தைகளை விலங்குக் காட்சிசாலைக்கு அழைத்துச் சென்று, எது அவர்களைக் கவர்ந்தது என்று பேசவைப்பதும் ஒரு குறிக்கோளாகலாம். என்ன பேசுவார்கள் என்பது மட்டும் நமக்கு முன்பே தெரியாது. அவரை முழுதும் ஏற்பவன் அல்லன் நான். அந்த வழியில் எதையும் கற்பிக்காமலே ஓராண்டை ஓட்டிவிடலாம். ஆனால் ஓடத்துக் கல்லைப் பற்றி முதல் ஆண்டு நடந்த சண்டையை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்க முடியும் என்று கேட்டால் அவர் பக்கம்தான் சாயவேண்டியிருக்கிறது.

இந்தியாவில் 1991 இல் தவே குழு தொடக்கப் பள்ளிகளுக்குக் குறைந்தபட்சக் கற்றல் நிலைகளை வகுத்தது. 2017 இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் கற்றல் விளைவுகளை வெளியிட்டது. இவற்றின் நோக்கத்தில் பிழை காண்பதற்கில்லை. மூன்றாம் வகுப்பை முடித்த குழந்தைக்கு எதைச் செய்யத் தெரியவேண்டும் என்பது பெற்றோருக்குப் புரியும் சொற்களில் எழுதப்படவேண்டியதே. ஏழைக் குழந்தைக்கு அதுவே ஒரு பாதுகாப்பு. ‘பாடம் முடிந்துவிட்டது’ என்ற கூற்றை அவன் தந்தை அதைக் கொண்டு கேள்வி கேட்கலாம்.

2018 முதல் தமிழ்நாட்டில் வந்த அறிவியல் பாடநூல்களைப் படித்த மாணவர்களுக்குப் பாடத்தின் தலைப்பில் உள்ள ‘கற்றல் நோக்கங்கள்’ என்ற கட்டம் பழக்கமானது. பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. அதிலுள்ள வாக்கியங்கள் பல ‘அறிந்துகொள்ளல்’, ‘புரிந்துகொள்ளல்’ என்றே முடிவதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டத்தை மாற்றி எழுதிப் பாருங்கள். ‘அடர்த்தியைப் பற்றி அறிந்துகொள்ளல்’ என்று இருந்தால், அடர்த்தி தெரிந்தவரால் செய்ய முடிந்து, தெரியாதவரால் செய்ய முடியாத ஒரு செயலை அதன் அருகே எழுதுங்கள். அச்செயல் பாடநூலின் எடுத்துக்காட்டாகவோ வழிகாட்டி நூலின் வினாவாகவோ இருக்கக்கூடாது. இது எளிதன்று, முதல் முயற்சியில் எனக்கும் இரண்டு மூன்றுக்கு மேல் தேறவில்லை. நல்லெண்ணெயும் நீரும் ஒரே அளவில் இரண்டு மூடிய புட்டிகளில் இருக்கின்றன; திறக்காமல், தராசு மட்டும் கொண்டு, எது எண்ணெய் என்று சொல்லமுடியுமா என்பது ஒன்று. நண்பர்கள் இருவர் தாம் எழுதியவற்றை மாற்றிக்கொண்டால், இருவருக்கும் முன்பின் பார்த்திராத வினாக்கள் கிடைத்துவிடும். ஆசிரியர்களும் ஆண்டுதோறும் வினாவை மாற்றியாகவேண்டும். பாடக்குறிப்பு ஏட்டைப் புதுப்பிக்கும்போது தேதியை மட்டும் மாற்றுகிற நம் வழக்கத்துக்கு இது ஒத்துவராது.

‘தாழும் சார்!’ என்ற அந்த வகுப்பிலேயே, பாடம் முடிந்து தொட்டி நீரைக் கொட்டப் போகும்போது, பின்வரிசையில் எப்போதும் வாய் திறவாத பையன் ஒருவன் எழுந்தான். ‘கல்லுக்குப் பதிலாக ஒரு கட்டையைப் போட்டால்?’ என்றான். என் குறிக்கோளில் அது இல்லை. எவர் ஏட்டிலும் இல்லை. மணி அடித்துவிட்டது. கட்டைக்கு எங்கே போவது? கரும்பலகை துடைப்பானின் மரப்பிடியைக் கழற்றி ஓடத்தில் வைத்தோம்; தொட்டியில் மட்டத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்தோம்; பிறகு பிடியை எடுத்து நீரில் போட்டோம். அது மிதந்தது. வகுப்பு முழுவதும் தொட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றது. நீர் அசைவது நின்றபோது மட்டம் அதே கோட்டில் இருந்தது. ‘அது ஓடத்தில் இருந்தாலும் மிதக்கிறது, தண்ணீரில் இருந்தாலும் மிதக்கிறது சார்’ என்றான் அவன்.